சேலத்தில் பேஸ் கிட்டார் கற்கத் தொடங்குகிறீர்களா? வாங்குவதிலிருந்து மேடை ஏறுவது வரை

பேஸ் வாங்கப் போகிறேன், எந்த கம்பெனி நல்லது என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, யாரோடு வாசிக்கப் போகிறீர்கள் என்று. ஆறு தந்தி கிட்டாரை ஒருவர் தனியாக வைத்துக்கொண்டு பாடிப் பொழுதுபோக்கலாம். பேஸ் அப்படி இல்லை, பக்கத்தில் ஒரு டிரம்மரோ, ரிதம் பேட் வாசிக்கிறவரோ, குறைந்தது ஒரு தபலாவோ இருந்தால்தான் அது எதற்காக இருக்கிறது என்பதே புரியும். அதனால் காசு சேர்க்கிற மாதங்களிலேயே ஆளையும் தேடிக்கொள்ளுங்கள். சேலத்தில் ஆள் இருக்கிறார்கள், எங்கே என்று கீழே சொல்கிறேன்.

முதல் பேஸ் நான்கு தந்தியாக, 34 இஞ்ச் ஸ்கேலாக (தந்தி அதிரும் நீளம்) இருக்கட்டும். கிட்டாரின் கனமான நான்கு தந்திகளின் அதே இ, ஏ, டி, ஜி தான், ஒரு ஸ்தாயி கீழே. கை சின்னதாக இருந்தாலோ, பள்ளிப் பிள்ளைக்கு வாங்குவதாக இருந்தாலோ 30 இஞ்ச் ஷார்ட் ஸ்கேல் தாராளமாக வாங்கலாம், அது பொம்மை இல்லை, பெரிய கலைஞர்களும் அதில் வாசித்திருக்கிறார்கள். ஐந்து தந்தி வேண்டுமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். கீழே கூடுதலாக வரும் பி தந்தி பின்னால் மேடையில் உதவும்தான், ஆனால் வாசிக்காத தந்திகளைச் சத்தம் போடாமல் அடக்கி வைப்பதுதான் பேஸில் பாதி வேலை, தொடக்கத்திலேயே அதைக் கூட்டிக்கொள்ளத் தேவையில்லை.

கடைக்காரர் பி பேஸ், ஜே பேஸ் என்று சொல்வார். பி என்பது ஃபெண்டர் கம்பெனி 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், ஜே என்பது 1960-ல் வந்த ஜாஸ் பேஸ். பி வகையில் ஒரே பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்), கனமான, தெளிவான சத்தம், கழுத்து கொஞ்சம் அகலம். ஜே வகையில் இரண்டு பிக்கப், கழுத்து நட் பக்கம், அதாவது தலைப்பக்கம், ஒடுங்கியிருக்கும், மூக்கால் பேசுவது போன்ற ஒரு குணமும் அதில் வரும். இரண்டு பிக்கப்பையும் ஒரே உடம்பில் வைத்த பிஜே மாடல்களும் உண்டு, தொடங்குகிறவருக்கு நான் சொல்வது பெரும்பாலும் அதைத்தான். யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனீஸ் ஜிஎஸ்ஆர் வரிசை, கோர்ட் ஆக்ஷன், ஸ்குவையர், இந்த நான்கில் எது கைக்கு வந்தாலும் சில வருடங்களுக்குக் கவலை இல்லை. ஏறக்குறைய 15,000 ரூபாயிலிருந்து 30,000 ரூபாய்க்குள் ஒன்று அமையும். 9 வோல்ட் பேட்டரி போடுகிற ஆக்டிவ் பேஸ் வாங்கினால் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது: கேபிள் சொருகியிருக்கும் நேரமெல்லாம் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும், வாசித்து முடித்ததும் பிடுங்கிவிடுங்கள்.

எங்கே வாங்குவது? உள்ளூர்க் கடையில் கிட்டாரும் கீபோர்டும் வரிசையாக இருக்கும், பேஸ் ஒன்றோ இரண்டோதான் தொங்கும். பரவாயில்லை, போய் மடியில் வைத்துப் பாருங்கள், எடை தெரியும், கழுத்தின் தடிமன் தெரியும். நாலைந்து மாடலை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால் பெங்களூரு 200 கிலோமீட்டர்தான், விடியற்காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். சென்னைக்கு வேறு வேலையாகப் போகிறவர்கள் அண்ணா சாலையில் 1842 முதல் நடக்கிற மியூசி மியூசிக்கலுக்குள் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வாசித்துப் பார்த்துவிடுங்கள். விலை வித்தியாசம் ஆயிரம் இரண்டாயிரம்தான் என்றால் நான் உள்ளூர்க் கடையைத்தான் சொல்வேன், கேபிள் சொருகும் ஜாக் லூசானால் கொண்டுபோய்க் காட்ட ஒரு முகம் வேண்டும்.

பழைய பேஸ் வாங்குவது நல்ல யோசனைதான், ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்து வாங்க வேண்டும். தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளத்தைப் பாருங்கள். லேசாக வளைந்திருந்தால் சரிசெய்யலாம், முறுக்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மெதுவாக வாசித்துக்கொண்டே மேலே போங்கள், எங்காவது சத்தம் சட்டென்று செத்துப்போகிறதா, கரகரக்கிறதா என்று தெரிந்துவிடும். வால்யூம், டோன் குமிழ்களைத் திருகுங்கள், கேபிளை ஆட்டிப் பாருங்கள். கரகரப்பு, லூசான ஜாக் எல்லாம் சின்னச் செலவு, அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாம். கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் என்ற கம்பி திரும்புகிறதா என்று மட்டும் விற்கிறவரையே கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அதன் தலை மழுங்கிப்போயிருந்தால் வாங்காதீர்கள்.

செட்டப் (கழுத்தையும் தந்தி உயரத்தையும் சரிசெய்து வைப்பது) பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் தொடங்கிய சில மாதங்களில் விரல் வலிக்கிறது என்று விட்டுவிடுகிறவர்களில் நிறையப் பேருக்கு வலிக்குக் காரணம் தந்தி ரொம்ப உயரமாக நிற்பதுதான். கனமான தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கழுத்து உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி இருந்தால் சரி. அதைவிட அதிகம் என்றால் ட்ரஸ் ராடைக் கடிகாரச் சுற்றாகக் கால் சுற்று, அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம், ராத்திரி முழுக்க விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். அப்புறம் உடம்பின் மேல் தந்தி முடியும் ப்ரிட்ஜில், தந்தியைத் தாங்கும் சேடில்களை இறக்கி ஆக்ஷனை, அதாவது தந்தியின் உயரத்தை, குறைக்கலாம். மேலே போகப் போகச் சுருதி சரியாக நிற்கிறதா என்று பார்க்க, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தொட்டு எடுக்கும் ஹார்மானிக்கையும் அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள், அழுத்தியது ஏறி நின்றால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கி நின்றால் முன்னால் கொண்டுவாருங்கள். கை நடுங்குகிறது என்றால் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள், அந்தச் செலவு வீணாகாது.

இந்தச் செட்டப் கவனம் நம் ஊருக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். ஏப்ரல், மே வெயிலில் மூடிய காருக்குள் பேஸை வைத்துவிட்டுப் போனால் கழுத்து அசையும், ஒட்டிய இடம் விட்டுப்போகவும் கூடும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே மழைக்காலப் பனிமூட்டத்தில் மரம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கீழேயிருந்து மேலே கொண்டுபோனால் உறையை உடனே திறக்காமல் அரை மணி நேரம் அறையில் வைத்துவிட்டு, பிறகு சுருதி சேருங்கள், வாசிக்கிறதற்கு முன்னால் இன்னொரு தடவையும் பாருங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் மேல் தட்டில் வைக்காதீர்கள், இருபது கொண்டை ஊசி வளைவில் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் மோதும். தலைப்பக்கம் மேலே இருக்கும்படி இரண்டு முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு உட்காருவதுதான் பாதுகாப்பு. தந்தி வியர்வையிலும் ஈரத்திலும் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துண்டால் துடைத்தாலே ஆயுள் கூடும். பேஸ் தந்தி செட் விலை அதிகம். சத்தம் மங்கிப்போன தந்தியைக் கழற்றிப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்து நன்றாகக் காயவைத்துப் போட்டால் கொஞ்ச நாளைக்குப் பளிச்சென்று இருக்கும், இது பேஸ் வாசிக்கிறவர்கள் காலங்காலமாகச் செய்வது.

ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) விஷயத்தில் அவசரப்படாதீர்கள். வீட்டுக்கு ஒரு ஹெட்போன் ஆம்ப்பும், காதை முழுதாக மூடுகிற நல்ல ஹெட்போனும் போதும், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டையும் வராது. போன் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு பேஸ் கேட்கவில்லையே என்று தவிக்காதீர்கள், வெறும் இ தந்தி 41 ஹெர்ட்ஸ், அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைக் கொடுக்கவே முடியாது. நண்பரின் கிட்டார் ஆம்ப்பில் சொருகினால் மெதுவாக வைத்து வாசியுங்கள், சத்தத்தை ஏற்றினால் அதன் ஸ்பீக்கர் கிழியும். மேடைக்குப் பெரிய ஆம்ப் வாங்கவே வேண்டாம், இங்கே சவுண்ட் சர்வீஸ்காரர்கள் மிக்சரில் லைன் கேட்பார்கள், அதற்கு ஒரு டிஐ பாக்ஸ் (பேஸின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) உங்கள் பையில் இருந்தால் போதும். நேராக மிக்சரில் சொருகினால் பேட்டரி இல்லாத பேஸின் மேல் ஓசைகள் மங்கிவிடும். இன்னொன்று, தந்தியில் கை வைத்ததும் ம்ம்ம் என்ற இரைச்சல் நின்று, எடுத்ததும் மறுபடி வந்தால், முதலில் எர்த்தைப் பாருங்கள். வீட்டில் மூன்று பின் பிளக்கின் எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திருவிழா மேடையில் ஜெனரேட்டரில் ஓடுகிற இடத்தில் தந்தியையும் மைக்கையும் ஒரே நேரத்தில் தொடுவதற்கு முன்னால் சவுண்ட்காரரிடம் எர்த் பற்றிக் கேட்டுவிடுங்கள். இது இரைச்சல் விஷயம் மட்டும் இல்லை, உயிர் விஷயம்.

சரி, என்ன வாசிப்பது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி, தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, ஒரே சுரத்தைச் சம நீளத்தில். சலிப்பாக இருக்கும், ஆனால் இதுதான் தொழில். இடது கையில் முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று இழுத்து வைக்காமல், ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றை மட்டும் வைத்து மூன்று ஃப்ரெட்டை மூடுங்கள், மணிக்கட்டு பிழைக்கும். பாட்டு என்றால் இளையராஜாவைவிட நல்ல பள்ளிக்கூடம் தமிழனுக்கு இல்லை. அவர் பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸ் வரிகள் வெறும் அடித்தளமாக நிற்காமல், பாடகருக்குப் பக்கத்திலேயே இன்னொரு மெட்டாக நடந்து போகும். ரஹ்மான் பாட்டுகளில் பேஸ் வாசிக்கும் கீத் பீட்டர்ஸ் எத்தனை சுரத்தை வாசிக்காமல் விடுகிறார் என்று கேளுங்கள். முழுப் பாட்டையும் எடுக்க முயலாமல் பல்லவியை மட்டும் எடுத்து, அதையே பாட்டோடு சேர்ந்து சுத்தமாக வரும்வரை வாசியுங்கள்.

மேடையில் பாடகர்கள் சி மேஜர் என்று சொல்ல மாட்டார்கள், கட்டை சொல்வார்கள். ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. அரைக் கட்டை சேர்ந்தால் ஒரு ஃப்ரெட் மேலே, அதாவது நாலரை என்றால் எஃப் ஷார்ப். பேஸில் நாலு கட்டை இ தந்தியின் முதல் ஃப்ரெட், ஐந்து கட்டை அதே தந்தியில் மூன்றாவது, ஒரு கட்டை ஏ தந்தியில் மூன்றாவது. பாடகிக்கு அன்று தொண்டை சரியில்லை என்று மேடையிலேயே அரைக் கட்டை இறக்குவார்கள். வெறும் தந்திகளை நம்பி வாசிக்கப் பழகியவர் அங்கே திணறுவார். அதனால் ஒவ்வொரு பாட்டையும் வெறும் தந்தி இல்லாமல் ஒரு தடவை வாசித்து வையுங்கள், அப்போது கையை ஒரு ஃப்ரெட் நகர்த்தினால் போதும்.

இனி ஆட்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கும்போது ஊரில் தெருவுக்குத் தெரு அம்மன் கோவில்களில் விழா, பல இடங்களில் மெல்லிசைக் கச்சேரியும் உண்டு. முன்வரிசையில் உட்காராமல் மேடைக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். சின்னக் குழுக்களில் பேஸ் கிட்டாரே இருக்காது, கீபோர்டு வாசிக்கிறவர் இடது கையால் அதைச் சமாளிப்பார், சம்பளம் பிரிக்கிறதில் ஒரு ஆள் குறையும். அதைக் குறை சொல்ல முடியாது. கச்சேரி முடிந்து ஒயர் சுருட்டும்போது போய் உதவுங்கள், ரிகர்சலுக்கு வந்து உட்காரலாமா என்று கேளுங்கள், காசு கேட்காதீர்கள். சேர்த்துக்கொண்டால் முதல் நாளே கீபோர்டு அண்ணனிடம் பணிவாகப் பேசி, இடது கையைக் கீழ் ஸ்தாயியிலிருந்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிடுங்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் வாசித்தால் மக்களுக்குக் கேட்பது இரைச்சல்தான்.

பேஸுக்கு உண்மையில் இடம் கொடுப்பவை தேவாலயப் பாடகர் குழுக்கள். வாராவாரம் ஞாயிறு, வேறு வேறு சுருதி, நிற்காமல் ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும், இதைவிட நல்ல பயிற்சி காசு கொடுத்தாலும் கிடைக்காது. அந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தால் நேராகக் கேளுங்கள், இல்லையென்றால் அங்கே வாசிக்கிற நண்பர் மூலமாகப் போங்கள், வழிபாடு என்ற மரியாதையோடு போங்கள். கல்லூரி கல்ச்சுரல் இன்னொரு வழி. ஏற்காட்டில் மே மாதக் கோடை விழா மேடையிலும் கலை நிகழ்ச்சிகள் நடக்கும்.

பம்பையைச் சொல்லாமல் விட முடியாது. சேலம், தருமபுரி பக்கம் பிறந்தவர் காதில் அது சின்ன வயதிலேயே ஏறியிருக்கும். அந்த ஆறு எட்டுத் தாளத்தில் முதல் அடியிலும் நான்காவது அடியிலும் மட்டும் ஆதார சுருதியை வைத்து வாசித்துப் பாருங்கள், நடுவில் கை துறுதுறுத்தாலும் நிரப்பாதீர்கள். தோல் வாத்தியம் ஏற்கெனவே அந்த இடத்தை நிரப்பியிருக்கிறது. கோவிலில் பதிவுசெய்த பம்பையை ஹெட்போனில் போட்டுக்கொண்டு இதைப் பழகியவருக்கு, மேடையில் எந்தக் கிராமியப் பாட்டு வந்தாலும் கால் தானாக விழும்.

டிசம்பரில் கேரல் பாட்டுகளுக்கு ஆள் தேவை கூடும், அதற்கான ரிகர்சல் முன்கூட்டியே தொடங்கிவிடும். இப்போது வாங்குகிறவர்கள் அதைக் குறிவைத்து, வழக்கமாகப் பாடும் ஐந்தாறு பாட்டுகளை இரண்டு, நான்கு, ஐந்து கட்டையில் வாசித்து வைத்துக்கொண்டு, அக்டோபருக்குள் போய்க் கேட்டுவிடுங்கள். போகும்போது உதிரி கேபிள் ஒன்று, ட்யூனர், அகலமான ஸ்ட்ராப், டிரம்ஸ் பக்கத்தில் நிற்கப் போவதால் காதுக்கு ஒரு ஜோடி இயர்பிளக் எடுத்துக்கொள்ளுங்கள்.