புதிய குற்றம் ஒன்றைச் சட்டத்தில் சேர்த்தால் மாநிலத்துக்கு என்ன செலவு? நீங்களே கணக்குப் போடும் வழி

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் புதுக் குற்றங்களை உருவாக்கும் மசோதாக்களும், இருக்கிற குற்றத்துக்குத் தண்டனையைக் கூட்டும் மசோதாக்களும் வந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்துக்கோ சாலைக்கோ பணம் கேட்டால் மணிக்கணக்கில் விவாதம் நடக்கும். தண்டனையைக் கூட்டும் மசோதாவிடம் மட்டும் 'இதற்குப் பணம் எங்கே' என்று யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை, மசோதாவும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

முதலில் மசோதா எண்ணை எடுத்துக்கொண்டு சட்டமன்றத்தின் இணையதளத்துக்குப் போங்கள். மசோதாவோடு 'ஃபிஸ்கல் நோட்' என்று ஓர் ஆவணம் இருக்கும், சில மாநிலங்களில் பெயர் கொஞ்சம் மாறும். இந்தச் சட்டம் வந்தால் அரசுக்கு என்ன செலவு என்று சொல்லும் குறிப்பு அது. டெக்சாஸில் சட்டமன்றத்தின் பட்ஜெட் வாரியம் எழுதுகிறது, வர்ஜீனியாவில் சிறைத்தண்டனையைக் கூட்டும் மசோதாக்களுக்குத் தண்டனை ஆணையம் எழுதுகிறது. திருத்தம் வந்தால் குறிப்பும் மாறும் என்பதால், நீங்கள் படிப்பது மசோதாவின் எந்த வடிவத்துக்கு எழுதிய குறிப்பு என்று தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

'செலவைக் கணிக்க இயலவில்லை' என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். கணிக்க இயலவில்லை என்றால் செலவே இல்லை என்று பொருள் இல்லை, ஆனால் மசோதாவை முதலில் ஆராயும் சட்டமன்றக் குழுவின் கூட்டத்தில் பல நேரம் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். வர்ஜீனியா இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது: கணிக்கப் போதுமான தரவு இல்லையென்றால் குறைந்தது 50,000 டாலர் என்று எழுத வேண்டும். சட்டம் நிறைவேறினால் அந்தப் பணத்தை ஒதுக்கவும் வேண்டும். தொகை சிறியதுதான், ஆனாலும் பூஜ்யம் என்று எழுதித் தப்பிக்க முடியாது என்பதே பெரிய விஷயம்.

அடுத்து, மசோதா சொல்லும் செயல் ஏற்கெனவே குற்றமா என்று பாருங்கள். பெரும்பாலும் ஆமாம். வாசலில் வைத்த பார்சலைத் திருடுவது எப்போதுமே திருட்டுதான், அதற்குத் தனிப் பிரிவு போட்டால் புதிதாக யாரும் திருடராகப் போவதில்லை. மாறுவது தண்டனையின் அளவும் அரசு வழக்கறிஞரின் கையில் இருக்கும் பேர வலிமையும்தான். அமெரிக்காவில் தண்டனை பெறுபவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் விசாரணையே இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரத்தில் முடிப்பவர்கள். அதனால் கூடுதல் பிரிவு ஒன்று கையில் இருந்தால், அதன்கீழ் யாருமே தண்டனை பெறாவிட்டாலும் மற்ற வழக்குகளின் தண்டனை நீளும், அந்த நீளம் எந்தக் குறிப்பிலும் வராது.

இப்போது கணக்கு, இதை நிதானமாகப் பாருங்கள். ஒரு குற்றத்துக்கு ஆண்டுக்கு 100 பேர் சிறைக்குப் போகிறார்கள், இதுவரை ஒவ்வொருவரும் ஓராண்டு உள்ளே இருந்தார்கள், மசோதா அதை 4 ஆண்டாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் கூடுதல் செலவு எவ்வளவு? ஒன்றுமே இல்லை, ஏனென்றால் அந்த 100 பேர் பழைய சட்டத்திலும் அந்த ஆண்டு உள்ளேதான் இருந்திருப்பார்கள். இரண்டாம் ஆண்டில் அவர்கள் வெளியே போகாமல் இருக்க, புதிதாக 100 பேர் வருகிறார்கள், அதாவது கூடுதலாக 100 படுக்கை (ஒரு படுக்கை என்றால் சிறையில் ஒருவருக்கான இடம்). மூன்றாம் ஆண்டில் 200, நான்காம் ஆண்டில் 300, அதற்கப்புறம் சட்டம் இருக்கும்வரை ஒவ்வோர் ஆண்டும் அதே 300. இரண்டே ஆண்டுக்குக் கணிக்கும் குறிப்பில் 100 படுக்கையோடு கதை முடிந்துவிடும், சட்டத்துக்குக் கைதூக்கிய உறுப்பினர் அடுத்த தேர்தலையும் தாண்டியிருப்பார், முழுச் செலவு அப்புறம்தான் வந்து நிற்கும். டெக்சாஸ் குறிப்புகள் 5 ஆண்டு பார்க்கின்றன, வர்ஜீனியா 6 ஆண்டு பார்த்து அதில் உச்சமான ஆண்டின் தொகையை எழுதச் சொல்கிறது. உங்கள் மாநிலம் எத்தனை ஆண்டு பார்க்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள், குறைவாக இருந்தால் மீதி ஆண்டுகளை மேலே சொன்னபடி நீங்களே போட்டுக்கொள்ளலாம். தீர்ப்பில் சொல்லும் ஆண்டுக்கும் உண்மையில் உள்ளே கழிக்கும் ஆண்டுக்கும் வித்தியாசம் உண்டு, கணக்குக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

படுக்கைக்கு என்ன விலை போடுவது என்பதில்தான் சண்டையே. மொத்தச் சிறைச் செலவைக் கைதிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வரும், கலிபோர்னியாவில் இது ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. ஒரே ஒரு ஆள் கூடினால் ஆவது சாப்பாடு, மருந்து, துணி மட்டும், அது மிகக் குறைவு. சராசரி 60,000, கூடுதல் ஆளுக்கு 15,000 என்று எடுத்துக்கொண்டால், நம் 300 படுக்கைக்கு ஒரு கணக்கில் 1.8 கோடி டாலர், இன்னொரு கணக்கில் 45 லட்சம். மசோதாவை ஆதரிப்பவர் சின்ன எண்ணையும் எதிர்ப்பவர் பெரிய எண்ணையும் சொல்வார். என் கருத்து, 300 பேர் என்பது சிறையில் புதிதாக ஒரு பகுதியைத் திறந்து காவலர்களை நியமிக்க வேண்டிய அளவு, சிறைச் செலவில் பெரும்பங்கு சம்பளம்தான், எனவே பெரிய எண்ணே உண்மைக்குக் கிட்டே இருக்கும்.

மருத்துவத்தையும் விட்டுவிடாதீர்கள். கைதிக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976லேயே சொல்லிவிட்டது, நீண்ட தண்டனை என்றால் வயதான கைதிகள். இடமும் சிகிச்சையும் தராமல் ஆளை மட்டும் அடைத்த கலிபோர்னியாவை, கட்டிய கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்குள் வரும்வரை கைதிகளைக் குறைக்கச் சொன்ன உத்தரவை 2011ல் அதே நீதிமன்றம் உறுதிசெய்தது.

பிறகு கவுன்டி, அதாவது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் மாதிரியான உள்ளூர் நிர்வாகம். ஃபிஸ்கல் நோட் பெரும்பாலும் மாநிலத்தின் செலவைத்தான் பேசும், ஆனால் கைது நடப்பது உள்ளூரில், விசாரணைக்குக் காத்திருப்பவர் இருப்பது கவுன்டி ஜெயிலில். அந்த ஜெயில்களில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். சிறைத்தண்டனை விதிக்கப்படும் வழக்கில் வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்பது 1963, 1972 தீர்ப்புகளால் கட்டாயம், அந்தப் பணமும் பல மாநிலங்களில் கவுன்டியின் தலையில்தான் விழுகிறது. மிஸ்டிமீனராக (சிறு குற்றமாக) இருந்தது ஃபெலனியானால் (கடுங்குற்றமானால்) வழக்கு நீளும், ஜெயில் நாட்களும் கூடும். பெரும்பாலும் ஜெயிலை நடத்தும் உங்கள் கவுன்டி ஷெரிஃப் அலுவலகத்துக்கும், அரசு தரும் வக்கீல்கள் இருக்கும் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்துக்கும் ஆளுக்கொரு மின்னஞ்சல் போட்டு ஒரு நாள் ஜெயில் செலவும் ஒரு வக்கீலிடம் இருக்கும் வழக்கு எண்ணிக்கையும் கேளுங்கள்.

'அபராதத்தில் சரிக்கட்டிவிடலாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கட்ட வழியில்லாதவரை அந்தக் காரணத்துக்காக மட்டும் சிறையில் போடக் கூடாது என்று 1983லேயே தீர்ப்பு இருக்கிறது, வரப்போகும் ஆட்களில் பலர் ஏழைகள்.

செலவாகிறது என்பதற்காக எந்தச் சட்டமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு நியாயம் வேண்டும், அதற்குச் செலவு செய்துதான் ஆக வேண்டும். ஆனால் அதே பணத்தில் வேறு என்ன செய்யலாம் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2007ல் டெக்சாஸுக்கு 17,000 புதுப் படுக்கைகள் வேண்டியிருக்கும் என்று கணிப்பு வந்தபோது, அத்தனையும் கட்டுவதற்குப் பதில் 24.1 கோடி டாலரைப் போதைச் சிகிச்சைக்கும் கண்காணிப்புத் திட்டங்களுக்கும் ஒதுக்கினார்கள். எண்ணைக் கண்ணெதிரே பார்த்ததால் எடுத்த முடிவு அது.

கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி, எதையெல்லாம் அனுமானமாக வைத்தீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லி, குழு விசாரணைக்கு முன்பே உங்கள் உறுப்பினருக்கு அனுப்பிவிடுங்கள். முழு அவைக்குப் போனபிறகு அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். பொதுமக்கள் பேச நேரம் தந்தால் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், அதில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஆறாம் ஆண்டில் இதற்கு எவ்வளவு ஆகும், அந்தப் பணத்தை எந்தத் துறையிலிருந்து எடுக்கப் போகிறீர்கள்?