இருவர் மட்டும் ஒரு வாரம்: வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குச் செல்லும் தம்பதியருக்கு

ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரை ஒட்டியுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் குழந்தைகள் இல்லாமல் போவதாகச் சொன்னால், "அங்கே உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்காத உறவினர் அரிது. அந்தக் கேள்வியில் நியாயம் குறைவு. 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட அந்த வளாகம், இன்று ஏறத்தாழ 25,000 ஏக்கர் பரப்பில் நான்கு பெரும் பூங்காக்கள், இரண்டு நீர்ப் பூங்காக்கள், இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகள், ஏரிகள், படகுத்துறைகள், கடைவீதி எனச் சிறு நகரமாகவே இயங்குகிறது. குழந்தையின் தூக்கத்துக்கும் பசிக்கும் ஏற்ப நாளைப் பிரித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லாத இருவருக்கு அதிகாலையும் பின்மாலையும் முழுமையாகக் கைக்கு வருகின்றன. கூட்டம் குறைந்திருக்கும் பொழுதுகளும் அவையே. ஆனாலும், செலவழித்த பணத்துக்கு ஈடு எடுத்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் விடிந்தது முதல் இரவு வரை ஓடி, மூன்றாம் நாள் ஒருவரோடொருவர் பேசாமல் விடுதிக்குத் திரும்பும் தம்பதியரை அங்கே பார்க்கலாம். எங்கள் முதல் பயணத்தில் நாங்களும் அப்படித்தான் திரும்பினோம். இரண்டாம் முறை நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு எளிமையானது: முன்பே உறுதிசெய்த காரியம் நாளொன்றுக்கு ஒன்று மட்டும், மீதிப் பொழுது எங்கள் கையில். இந்த வழிகாட்டி முழுவதும் அதன் விரிவே.

எந்த மாதம் போவது

பள்ளி விடுமுறையைப் பார்க்க வேண்டியதில்லை என்பதே தம்பதியருக்குக் கிடைக்கும் முதல் சலுகை. ஜனவரி பிற்பாதி முதல் பிப்ரவரித் தொடக்கம் வரையும், நவம்பர் இறுதியில் வரும் நன்றியறிதல் விடுமுறை முடிந்த பிறகு டிசம்பர் நடுப்பகுதி வரையும் ஏற்ற காலங்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தையும், ஈஸ்டர் வாரத்தையும், பிப்ரவரியில் வரும் குடியரசுத் தலைவர்கள் தின விடுமுறையையும் தவிர்க்க வேண்டும். ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பரிலும் கூட்டம் குறையும் என்பது உண்மையே. ஆனால் புழுக்கம் கடுமையாக இருக்கும். பிற்பகல் இடி மழை ஏறக்குறைய அன்றாட நிகழ்வு. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீளும் சூறாவளிப் பருவத்தின் உச்சமும் அப்போதுதான். மின்னல் தென்பட்டால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அதற்கு மாறாக, ஜனவரிக் காலைகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழும் இறங்கக்கூடும் என்பதால் ஃபுளோரிடாதானே என்று மெல்லிய ஆடைகளை மட்டும் எடுத்துச் செல்லக் கூடாது.

மேஜிக் கிங்டம் பூங்காவில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஹாலோவீன் விருந்தும், பின்னர் கிறிஸ்துமஸ் விருந்தும் குறிப்பிட்ட இரவுகளில் தனிக்கட்டணத்துடன் நடைபெறும். அந்நாட்களில் வழக்கமான சீட்டு வைத்திருப்போர் மாலை 6 மணிக்கு வெளியேற வேண்டும். அவர்களுக்கு வாணவேடிக்கையும் இல்லை. அதனாலேயே பகல் வேளையில் கூட்டம் குறைவாக இருக்கும். சவாரிகளே முக்கியம் என்றால் அந்தப் பகலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, வாணவேடிக்கைக்கு வேறொரு நாளை ஒதுக்கலாம்.

சீட்டும் தங்குமிடமும்

நான்கு நாள் நுழைவுச்சீட்டை, தேர்ந்த தொடக்க நாளிலிருந்து 7 நாட்களுக்குள் எந்த நான்கு நாட்களிலும் பயன்படுத்தலாம். இந்த ஒரு விதியே தம்பதியருக்கான பயணத்தின் அச்சாணி. இரண்டு நாள் பூங்கா, ஒரு நாள் ஓய்வு, மீண்டும் இரண்டு நாள் பூங்கா என்று அமைத்துக்கொண்டால் உடலும் தாங்கும், மனமும் தாங்கும். ஓய்வு நாளில் நீச்சல்குளமும் நீண்ட காலை உணவும் போதும். ஒரே நாளில் பல பூங்காக்களுக்குச் செல்ல உதவும் பார்க் ஹாப்பர் வசதிக்கு முதல் பயணத்தில் கூடுதல் பணம் கட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு முழு நாள் செலவிட்டாலும் பார்க்க மீதம் இருக்கும்.

விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது அறையின் அழகைவிடப் போக்குவரத்தையே முதலில் பார்க்க வேண்டும். 2019 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஸ்கைலைனர் என்னும் கம்பிவட ஊர்தி, பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன், கரீபியன் பீச், ரிவியரா ஆகிய விடுதிகளை எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காக்களோடு இணைக்கிறது. இவற்றுள் பாப் செஞ்சுரி சிக்கன வகையைச் சேர்ந்தது. பேருந்துக்காகக் காத்திராமல் ஊர்தியில் ஏறி, ஏரிக்கு மேலே இருவருமாக மிதந்து செல்லும் அந்தப் பயணத்துக்குத் தனிக்கட்டணம் எதுவுமில்லை. ஆனால் அங்குள்ள பல அறைகளில் ஒரு கட்டிலும், சுவரிலிருந்து இறக்கிக்கொள்ளும் மற்றொரு கட்டிலுமே இருக்கும். பெரிய இரட்டைக் கட்டில் உள்ள அறை வேண்டுமென்றால் முன்பதிவின்போதே அந்த வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுத்தர விலையில் போர்ட் ஆர்லியன்ஸ் பிரெஞ்சு குவார்ட்டர் அளவில் சிறியது, அமைதியானது. அங்கிருந்து டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதிக்கு ஆற்று வழியே படகு செல்கிறது. கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அனிமல் கிங்டம் லாட்ஜ்: புல்வெளியை நோக்கிய அறையின் மாடத்தில் காப்பிக் கோப்பையுடன் நின்று ஒட்டகச்சிவிங்கிகளும் வரிக்குதிரைகளும் மேய்வதைப் பார்க்கலாம். அது பூங்காக்களிலிருந்து தள்ளியிருப்பதும், பேருந்தை மட்டுமே நம்பவேண்டியிருப்பதும் அதன் குறைகள். ஆகவே ஏழு இரவுகளில் ஐந்தைச் சிக்கன விடுதியிலும் கடைசி இரண்டை அங்கும் கழிப்பது நல்ல ஏற்பாடு. ஒரு விடுதியிலிருந்து மற்றொன்றுக்கு உங்கள் பெட்டிகளை ஊழியர்களே கொண்டு சேர்த்துவிடுவார்கள்.

வளாகத்துக்குள் உள்ள விடுதிகளில் தங்குவோர், எல்லாப் பூங்காக்களிலும் எல்லா நாட்களிலும் திறப்பு நேரத்துக்கு 30 நிமிடம் முன்பாகவே உள்ளே செல்லலாம். வெளியே மலிவாகத் தங்குவதா என்ற கணக்கில் இந்த அரைமணி நேரத்தையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். விளம்பரத்தில் காணும் அறை வாடகையோடு 12.5 விழுக்காடோ அதற்குச் சற்று மேலோ வரி சேரும் என்பதையும் மறக்கக் கூடாது. விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு முன்பு இருந்த இலவசப் பேருந்து 2022 ஜனவரியில் நின்றுவிட்டது. வாடகைக் கார், கட்டணப் பேருந்து ஆகியவற்றுள் ஒன்றை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

முன்பதிவுகள்

மேசையில் அமர்ந்து உண்ணும் உணவகங்களுக்கு 60 நாட்களுக்கு முன்பும், வரிசையைச் சுருக்கும் லைட்னிங் லேன் வசதிக்கு, வளாக விடுதியில் தங்குவோராயின், வந்து சேரும் நாளுக்கு 7 நாட்களுக்கு முன்பும் பதிவு தொடங்குகிறது. மற்றவர்களுக்கு அது 3 நாட்களே. லைட்னிங் லேன் பதிவு அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி காலை 7 மணிக்குத் திறக்கும். இந்தியாவிலிருந்து பதிவு செய்வோருக்குக் கோடைக்காலத்தில் அது மாலை 4.30, குளிர்காலத்தில் மாலை 5.30.

இந்த வசதியில் இரண்டு வகைகள் உண்டு. மல்ட்டி பாஸ் வாங்கினால் ஒரு பூங்காவில் மூன்று சவாரிகளுக்கு முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு, அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கிய பின் மேலும் சேர்த்துக்கொள்ளலாம். அனிமல் கிங்டத்தின் ஃபிளைட் ஆஃப் பேசேஜ், எப்காட்டின் காஸ்மிக் ரிவைண்டு போன்ற மிகப் புகழ்பெற்ற சவாரிகளுக்குச் சிங்கிள் பாஸ் என்று தனியே பணம் கட்ட வேண்டும். விலை நாளுக்கு நாள் மாறும். என் அனுபவத்தில் மேஜிக் கிங்டத்துக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் மல்ட்டி பாஸ் வாங்குவது தகும். அனிமல் கிங்டத்தில் காலையில் முதல் ஆளாகப் போய் நிற்பவருக்கு அது வீண்செலவு.

உணவகங்களைப் பொறுத்தவரை, நாளுக்கு ஒன்று என்ற விதியை இங்கேதான் காக்க வேண்டும். ஆசைப்பட்டு மதியத்துக்கும் இரவுக்கும் பதிவு செய்தால், இரண்டுக்கும் நடுவே கடிகாரம் பார்த்தே நாள் போய்விடும்.

ஒரு நாள் எப்படிக் கழியலாம்

பூங்கா 9 மணிக்குத் திறக்கிறதென்றால் 8 மணிக்கே வாயிலில் இருக்க வேண்டும். மேஜிக் கிங்டத்துக்குக் காரில் செல்வோர் வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து படகிலோ மோனோரெயிலிலோ ஏரியைக் கடந்தே வாயிலை அடைய முடியும். விடுதிப் பேருந்தோ நேராக வாயிலருகே இறக்கிவிடும். முதல் இரண்டு மணி நேரத்தில் நீண்ட வரிசை நிற்கும் சவாரிகளை முடித்துவிட்டு, பகல் 12 மணியளவில் கூட்டமும் வெயிலும் ஏறும்போது விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும். உள்ளே இவ்வளவு பணம் கட்டிவிட்டு அறையில் தூங்குவதா என்று மனம் உறுத்தும். நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடப்பது அங்கே சாதாரணம் என்பதை உங்கள் கால்கள் நினைவூட்டும்போது அந்த உறுத்தல் தானே அடங்கிவிடும். பின் மாலை 5 மணிக்குப் புத்துணர்வோடு மீண்டும் சென்றால், குழந்தைகளுடன் வந்தவர்கள் களைத்து வெளியேறும் நேரமாக அது இருக்கும். பூங்கா மூடும் நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்பு வரிசையில் சேர்ந்தாலும் சவாரி கிடைத்துவிடும்.

அனிமல் கிங்டம் மட்டும் இதற்கு விலக்கு. கிளிமஞ்சாரோ சஃபாரிக்குக் காலையிலேயே போக வேண்டும். வெயில் ஏறினால் விலங்குகள் நிழல் தேடி ஒதுங்கிவிடும்.

இருவரில் ஒருவருக்கு ரோலர் கோஸ்டர் பிடித்து மற்றவருக்கு அது தலைசுற்றலைத் தந்தால், வற்புறுத்துவதும் வேண்டாம், விட்டுக்கொடுப்பதும் வேண்டாம். எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் போன்ற சில சவாரிகளில் தனியாக வருவோருக்கென்று தனி வரிசை உண்டு. காலி இருக்கைகளை நிரப்புவதற்காக அமைந்த அந்த வரிசை பெரும்பாலும் விரைவாக நகரும். ஒருவர் அதில் செல்லும் நேரத்தில் மற்றவர் பக்கத்திலுள்ள மகாராஜா ஜங்கிள் டிரெக் பாதையில் புலிகளையும் பெரிய பழந்தின்னி வௌவால்களையும் பார்த்து வரலாம். இந்தப் பகுதிக்கு ஆனந்தபூர் என்று கற்பனைப் பெயர் சூட்டி, உரிந்த சுவரொட்டிகளும் மங்கிய வண்ணச் சுவர்களுமாக நம் நாட்டுச் சிற்றூர்களை நினைவூட்டும்படி கட்டியிருக்கிறார்கள். அமெரிக்கர்கள் அதை வியந்து படமெடுத்துக்கொண்டிருக்க, நமக்கோ சிரிப்புத்தான் வரும்.

மாலைப் பொழுதுகள்

தம்பதியருக்கு ஒரே ஒரு பூங்காவைத்தான் சொல்ல வேண்டுமென்றால் தயங்காமல் எப்காட்டைச் சொல்வேன். 1982 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட இப்பூங்காவின் பின்பகுதியில், ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளும் பாதையில் மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ், பிரிட்டன், கனடா என 11 நாடுகளின் அரங்குகள் அமைந்துள்ளன. மொராக்கோ அரங்கின் ஓட்டு வேலைப்பாடுகளைச் செய்வதற்கு அந்நாட்டு மன்னர் இரண்டாம் ஹசன் கைவினைஞர்களை அனுப்பிவைத்தார். அந்தச் சுவர்களின் முன் சற்று நிற்காமல் கடந்துவிடக் கூடாது. மெக்சிகோ அரங்கின் கோபுரத்துக்குள் நுழைந்தால் வெளியே எந்நேரமாயினும் உள்ளே அந்தி வேளை. மங்கிய விளக்கொளியில் படகுகள் கடந்து செல்லும் நீரோரத்தில் அமைந்த சான் ஏஞ்சல் இன் உணவகத்தை ஒரு மாலைக்குரிய ஒற்றை முன்பதிவாக வைத்துக்கொள்ளலாம். இரவு வாணவேடிக்கை முடிந்ததும் முன்வாயிலை நோக்கித் திரளும் கூட்டத்தோடு சேராமல், பிரான்ஸ் அரங்கை அடுத்துள்ள பின்வாயில் வழியே வெளியேறினால், போர்டுவாக் எனப்படும் ஏரிக்கரை நடைபாதையை ஐந்து நிமிடத்தில் அடைந்துவிடலாம்.

மேஜிக் கிங்டத்தின் வாணவேடிக்கையைப் பார்க்கக் கோட்டையின் முன் ஒரு மணி நேரம் நெரிசலில் நிற்பதுதான் வழி என்றில்லை. கண்டெம்பரரி விடுதியின் 15-ஆம் மாடியில் இருக்கும் கலிஃபோர்னியா கிரில் உணவகத்திலிருந்து அது நன்றாகத் தெரியும்; செலவு அதிகம். செலவே இல்லாமல் பார்க்க, ஏரிக்கு அக்கரையில் உள்ள பாலினீசியன் விடுதியின் மணற்கரைக்குப் போகலாம். 1971 முதல் அந்த ஏரியில் இரவுதோறும் மிதந்துவரும் மின்விளக்கு ஊர்வலத்தையும், வானிலை இடங்கொடுத்தால், அங்கிருந்தே காணலாம். மணமான ஆண்டு நிறைவையோ தேனிலவையோ முன்னிட்டுச் செல்வோர், விடுதி வரவேற்பு மேசையில் அதைச் சொன்னால் இலவசச் சட்டைவில்லை தருவார்கள். அதை அணிந்து நடந்தால் போகிற இடமெல்லாம் ஊழியர்கள் வாழ்த்துவார்கள். கூச்ச சுபாவமுள்ள என் கணவர் அரை நாளிலேயே அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

உணவு பற்றிச் சில

சைவ உணவினருக்குக் கவலை வேண்டாம். முழுவதும் தாவர உணவானவற்றுக்குப் பட்டியலில் இலைச் சின்னம் இட்டிருப்பார்கள். அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி பகுதியில் உள்ள சனா உணவகம் இந்திய, ஆப்பிரிக்கச் சமையலைக் கலந்து தருவது. நாண் வகைகளும் ஒன்பது வகைத் தொடுகறிகளும் கொண்ட அதன் ரொட்டித் தட்டு, பர்கர் தின்று சலித்த நாக்குக்கு மருந்து. அங்கே உண்பதற்கு அவ்விடுதியில் தங்கியிருக்க வேண்டியதில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் இல்லாதவரை, வெளியிலிருந்து உணவு கொண்டுவரப் பூங்காக்கள் அனுமதிக்கின்றன. விரைவு உணவுக் கடைகளில் கேட்டால் குளிர்ந்த குடிநீர் இலவசமாகத் தருவார்கள். தண்ணீர்ப் புட்டிக்குக் காசு கொடுக்க வேண்டாம். அமர்ந்து உண்ணும் இடங்களில் பட்டியல் விலைக்கு மேல் வரியும், 18 முதல் 20 விழுக்காடு வரை பரிமாறுபவருக்கான அன்பளிப்பும் சேரும்.

புறப்படும் நாளில் காலை 11 மணிக்கு அறையை ஒப்படைக்க வேண்டும். பெட்டிகளை விடுதியிலேயே வைத்துவிட்டு மாலை விமானம் வரை நீச்சல்குளத்தில் இருக்கலாம். அன்றைய நாளுக்குப் பூங்காச் சீட்டு வாங்கிவிடாதீர்கள்.