‘அஸ்… அஸ்’ என்று இணைவைத்துப் பேசுவது எப்படி?

இரண்டு பேரை ஒரே அளவில் நிறுத்திப் பேச ஆங்கிலத்தில் ‘அஸ்’ என்ற சொல் இரண்டு முறை வரும். நடுவில் ஒரு பண்புச்சொல் நிற்கும். “ரவி இஸ் அஸ் டால் அஸ் ஹிஸ் பிரதர்” என்றால், ரவி தன் அண்ணன் அளவுக்கு உயரமானவன் என்று பொருள். (அண்ணனா தம்பியா என்ற கவலை ஆங்கிலத்துக்கு இல்லை.)

முதலில், சொல்ல வந்ததைத் தமிழில் எழுதி, அதில் ‘அளவுக்கு’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தமிழில் ஒப்பிடப்படுபவர் முன்னால் வருவார், பண்பு பின்னால் வரும். ஆங்கிலத்தில் இது தலைகீழ் என்பதால், ‘உயரம்’ என்பதை முதலிலும் ‘அண்ணன்’ என்பதைக் கடைசியிலும் வைக்க வேண்டும். ‘ஆல்சோ’ என்ற சொல்லின் பழைய வடிவம் தேய்ந்து உருவானதே இந்த ‘அஸ்’. பேச்சிலும் அதை அழுத்தாமல், நடுச்சொல்லை மட்டும் அழுத்திச் சொன்னால் இயல்பாக இருக்கும்.

அடுத்து, நடுச்சொல்லை மாற்றாமல் வையுங்கள். ‘டாலர்’, ‘பிக்கர்’ போன்ற வடிவங்கள் ‘தேன்’ என்ற ஒப்பீட்டுச் சொல்லோடு சேரும், ‘அஸ்… அஸ்’ நடுவில் வராது. “அஸ் டாலர் அஸ்” என்பது நம்மவர்கள் மிக அதிகமாகச் செய்யும் பிழை.

எதிர்மறையில்தான் கவனம் தேவை. “தொட்டபெட்டா இஸ் நாட் அஸ் ஹை அஸ் ஆனைமுடி” என்ற வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால், இரண்டும் சமமில்லை என்று மட்டும் சொல்வதுபோல் தோன்றும்; ஆனால் ஆங்கிலம் பேசுபவர் இதிலிருந்து, முதலில் சொல்லப்பட்டதே குறைவு என்றுதான் புரிந்துகொள்வார். தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர் என்பதால் வாக்கியம் சரி. பெயர்களை இடம் மாற்றினால் இலக்கணம் சரியாகவே இருக்கும், உண்மைதான் தவறிவிடும். ஒன்றை மட்டம் என்று முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கும் இடத்தில், “நாட் அஸ் குட் அஸ்” என்பது நயமாகவும் ஒலிக்கும்.

மடங்கு சொல்ல வேண்டுமானால், அந்தச் சொல்லை முதல் ‘அஸ்’ஸுக்கு முன்னால் வையுங்கள். தமிழ்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர், இலங்கையின் பரப்பு 65,610. ஆகவே “தமிழ்நாடு இஸ் நியர்லி ட்வைஸ் அஸ் லார்ஜ் அஸ் ஸ்ரீலங்கா” என்று எழுதலாம். எண்ணக்கூடிய பொருள்களுக்கு “அஸ் மெனி புக்ஸ் அஸ்”, எண்ண முடியாதவற்றுக்கு “அஸ் மச் வாட்டர் அஸ்” என்று வரும்.

இதே உருவத்தில் வந்தாலும் இணைவைத்துப் பேசாத சில தொடர்களை அப்படியே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. “அஸ் ஃபார் அஸ் ஐ நோ” என்பது ‘எனக்குத் தெரிந்தவரை’. “தி வொர்க் இஸ் அஸ் குட் அஸ் டன்” என்பது ‘வேலை முடிந்த மாதிரிதான்’. “அஸ் சூன் அஸ் ஐ ரீச் ஹோம்” என்பது ‘வீட்டுக்குப் போனதும்’. இங்கெல்லாம் ‘அளவுக்கு’ என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது.