1994 மலேசியக் கிண்ண அணி: ரசிகர்களின் நினைவுகளைத் திரட்டிக் காப்பது எப்படி

1994ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி, சனிக்கிழமை இரவு, ஷா ஆலம் விளையாட்டரங்கில் சிங்கப்பூர் காற்பந்து அணி பகாங்கை 4–0 எனத் தோற்கடித்து, மலேசிய மாநில அணிகளோடு தானும் ஆடிவந்த மலேசியக் கிண்ணத்தை வென்றது. அப்பாஸ் சாத் மூன்று கோல்களைப் போட்டார். மற்றொன்றை அணித்தலைவர் ஃபாண்டி அகமது போட்டார். அந்த ஆண்டின் மலேசிய லீக் பட்டமும் சிங்கப்பூருக்கே கிடைத்தது. ஆனால் 1995இன் தொடக்கத்திலேயே சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகிவிட்டது. 1996இல் உள்ளூரில் எஸ்-லீக் என்ற காற்பந்து லீக் தொடங்கியது. உச்சத்தில் நின்றபோதே ஓர் அணியின் கதை முடிந்துபோனதால்தான், அந்த அணியைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் காப்பிக்கடை மேசையில் குரல்கள் உயர்கின்றன.

அன்றைக்கு முப்பது வயதில் சிங்கப்பூரின் காலாங் அரங்கில் தொண்டை கிழியக் கத்தியவர்களுக்கு இப்போது அறுபது கடந்துவிட்டது. ஆட்டத்தின் முடிவும் கோல் கணக்கும் நாளிதழ்களில் பத்திரமாக இருக்கின்றன. யாருடன் போனார்கள், எப்படிப் போனார்கள், திரும்பி வரும் வழியில் என்ன பேசினார்கள் என்பவை எந்த நாளிதழிலும் இல்லை. அவை அந்த மனிதர்களிடம் மட்டுமே இருக்கின்றன. உங்கள் குடும்பத்திலோ அக்கம்பக்கத்திலோ அப்படிப்பட்ட ஒருவர் இருந்தால், அவருடைய நினைவுகளை முறையாகப் பதிவுசெய்ய என்னென்ன செய்யவேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு காலவரிசை

யாரையும் சந்திப்பதற்கு முன்பு, ஒரே ஒரு தாளில் அந்த அணியின் காலவரிசையை எழுதிக்கொள்ளுங்கள். பேசுபவர் ஆண்டுகளைத் தாவித் தாவிச் சொல்லும்போது நீங்கள் வழி தவறாமலிருக்க அது உதவும். கிண்ணப் போட்டி 1921இல் மலாயாக் கிண்ணம் என்ற பெயரில் தொடங்கியது. முதல் ஆண்டில் வென்றதும் சிங்கப்பூர்தான், 1994இல் வென்றது அதன் 24ஆவது கிண்ணம். 1977இல் பினாங்கைக் கூடுதல் நேரத்தில் 3–2 என வென்றதும், 1980இல் பதினெட்டு வயது ஃபாண்டியின் கோலுடன் சிலாங்கூரை வென்றதும் முந்தைய தலைமுறையின் பொற்காலம். அதன்பிறகு பல ஆண்டுகள் ஏமாற்றம். 1992இல் அணி மலேசிய லீக்கின் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 1993இல் அங்கிருந்து மேலேறி வந்ததோடு கிண்ணத்தின் இறுதியாட்டத்தையும் எட்டி, கெடாவிடம் 0–2 எனத் தோற்றது. இந்த இறக்கமும் தோல்வியும் தெரியாமல் 1994இன் வெற்றியைப் புரிந்துகொள்ள முடியாது.

தாளின் மறுபக்கத்தில் ஆட்டக்காரர்களின் பெயர்களை எழுதுங்கள்: கோல்காவலர் டேவிட் லீ, தற்காப்பில் லிம் தோங் ஹாய், ஜாங் ஜங், இளைஞராக இருந்த நஸ்ரி நாசிர், ஓயாமல் ஓடிய மாலிக் அவாப், முன்வரிசையில் ஃபாண்டியுடனும் அப்பாஸுடனும் அலிஸ்டர் எட்வர்ட்ஸ், பயிற்றுவிப்பாளர் டக்ளஸ் மூர். ஒரு பெயரை நீங்கள் எடுத்துக்கொடுத்தாலே போதும், எதிரில் இருப்பவர் அடுத்த ஐந்து பெயர்களைத் தாமாகவே சொல்லிவிடுவார்.

கேள்வி கேட்கும் முறை

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. “இறுதியாட்டம் எப்படி இருந்தது, மாமா?” என்று கேட்டால், “பிரமாதமாக இருந்தது, அந்த மாதிரி இனிமேல் வராது” என்ற பதில் வரும். அது உண்மைதான், ஆனால் ஆயிரம் பேர் ஆயிரம் முறை சொன்ன பதில். அதற்குப் பதிலாக, அவருடைய உடம்பும் கைகளும் அன்றைக்கு எங்கே இருந்தன என்பதைக் கேளுங்கள். ஷா ஆலமுக்குப் பேருந்தில் போனீர்களா, காரிலா? எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள்? உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டு அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வழியில் எங்கே நிறுத்திச் சாப்பிட்டீர்கள்? டிக்கெட் யார் வாங்கிக் கொடுத்தார்? வேலையிடத்தில் என்ன சொல்லி விடுப்பு எடுத்தீர்கள்?

இப்படிக் கேட்டால் முதலில் அவர் சற்றுத் தயங்குவார். “அதெல்லாம் எதற்கு?” என்றுகூடக் கேட்பார். பொறுமையாக இருங்கள். சாப்பாட்டுப் பொட்டலம், கூட வந்த நண்பரின் பழைய கார், பின்னிருக்கையில் தூங்கிப்போன தம்பி என்று ஒன்றைத் தொட்டு ஒன்று வெளியே வரும். அப்படி வரும்போது இடையில் புகுந்து திருத்தாதீர்கள். ஆண்டையோ கோல் கணக்கையோ அவர் தவறாகச் சொன்னாலும் குறித்துக்கொண்டு மேலே செல்லுங்கள். பேச்சு அறுந்தால் மீண்டும் அந்த ஓட்டம் கிடைப்பது கடினம். அவர் அமைதியாகிவிட்டால் அடுத்த கேள்விக்கு அவசரப்படாதீர்கள். நல்ல செய்திகள் பெரும்பாலும் அந்த அமைதிக்குப் பிறகுதான் வருகின்றன.

உள்ளூர் ஆட்டங்களையும் மறக்காமல் கேளுங்கள். 1973இல் காலாங்கில் திறக்கப்பட்டு 2007இல் மூடப்பட்ட பழைய தேசிய விளையாட்டரங்கம் இன்றைக்கு இல்லை. அதே இடத்தில் 2014இல் புதிய அரங்கம் எழுந்துவிட்டது. ஆகவே எந்த வாசல் வழியாக நுழைந்தார்கள், அரங்கின் எந்தப் பக்கம் அவர்களுக்கு வழக்கமான இடம், ‘காலாங் முழக்கம்’ என்று பெயர்பெற்ற ரசிகர்களின் ஆரவாரம் எப்போது எழும், ஆட்டம் முடிந்தபின் கூட்டம் எந்தப் பக்கம் கலையும் என்பதையெல்லாம் அவர்கள் சொல்லித்தான் நாம் அறியமுடியும். ஒரு வெற்றுத் தாளில் அரங்கின் நீள்வட்டத்தை வரைந்து கையில் கொடுத்து, “நீங்கள் உட்கார்ந்த இடத்தைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். பேனா கைக்கு வந்ததும் பலர் பேருந்து நிறுத்தத்தையும் தின்பண்டம் விற்றவர் நின்ற இடத்தையும் தாமாகவே வரைந்துவிடுகிறார்கள். அந்தத் தாளையும் பதிவின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் 1994ஐக் கேட்டாலும் 1977க்குப் போய்விடுவார்கள். போகட்டும். அணித்தலைவர் சமது அல்லாப்பிச்சை, வளைந்து திரும்பும் உதைக்குப் பெயர்பெற்ற எஸ். ராஜகோபால், இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலைப் போட்ட குவா கிம் சோங், பயிற்றுவிப்பாளர் சூ செங் குவீ ஆகியோரைப் பற்றி நேரில் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் குறைவாகவே இருக்கிறார்கள். 1994இன் மகிழ்ச்சியை அவர்கள் அந்தப் பழைய மகிழ்ச்சியோடு ஒப்பிட்டுத்தான் அனுபவித்தார்கள் என்பதால், இரண்டையும் பிரிக்க முயல்வது வீண்.

பெண்களிடமும் கேளுங்கள். ரசிகர் என்றதும் அரங்கத்துக்குப் போன ஆண்களையே தேடுவது நம்மிடையே உள்ள பெரிய குறை. வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பார்த்த அம்மாக்களும் அக்காக்களும் அந்த ஆண்டின் ஆட்டங்களை நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒரு கோல் விழுந்ததும் அடுக்குமாடிக் கட்டடம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்த சத்தத்தை அவர்கள் விவரிக்கும் அளவுக்கு வேறு யாரும் விவரித்து நான் கேட்டதில்லை.

பதிவுசெய்யக் கைப்பேசியே போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை மேசைமேல் ஒரு மடித்த துணியில் வைத்து, அழைப்புகள் வராதபடி செய்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவரின் பெயர் ஆகியவற்றை உரக்கச் சொல்லுங்கள். பதிவை யாரெல்லாம் கேட்கலாம் என்பதற்கு அவருடைய சம்மதத்தையும் அதிலேயே பெற்றுக்கொள்ளுங்கள். எழுத்தாக்கும்போது அவர் பேசிய மொழியைத் தூய்மைப்படுத்தவேண்டாம். தமிழுக்கு நடுவே மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் அந்தத் தலைமுறை காற்பந்தைப் பேசியது. “ரெஃப்ரி காயு!” (மலாயில் ‘காயு’ என்றால் மரக்கட்டை) என்ற முழக்கத்தை “நடுவர் சரியில்லை” என்று எழுதினால் அரங்கமே காணாமல் போய்விடும்.

நினைவையும் செய்தியையும் ஒப்பிடுதல்

எழுத்தாக்கம் முடிந்தபிறகு சரிபார்ப்பைத் தொடங்குங்கள். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ‘தமிழ் முரசு’ உட்படப் பல பழைய நாளிதழ்கள் மின்வடிவில் உள்ளன. இணையத்தில் திறக்காத பக்கங்களுக்கு நூலகத்தில் உதவி கேளுங்கள். பழைய தமிழ் அச்சைக் கணினி எப்போதும் சரியாகப் படிப்பதில்லை என்பதால், பெயரைத் தட்டச்சு செய்து தேடுவதைவிட ஆட்டம் நடந்த மறுநாளின் தேதியைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே நல்லது. ஆங்கில இதழ்களில் ஒரே ஆட்டக்காரரின் பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பாருங்கள்.

அதிகமாகக் குழம்பும் இடம் 1993க்கும் 1994க்கும் நடுவே இருக்கிறது. வி. சுந்தரமூர்த்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1993இல் புருணைக்கு எதிராகப் பின்புறமாகப் பாய்ந்து தலைக்குமேல் உதைத்து அவர் போட்ட கோலைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. ஆனால் 1994இல் கிண்ணம் வென்ற அணியில் அவர் இல்லை. அந்தக் கோலையும் அந்தக் கிண்ணத்தையும் மனம் ஒரே ஆண்டில் வைத்துப் பார்க்க விரும்புவதில் வியப்பில்லை. தமிழ் ரசிகர்களுக்கு அது இன்னும் இயல்பு. அதேபோல், புக்கிட் ஜாலிலில் இறுதியாட்டம் பார்த்ததாக ஒருவர் சொன்னால், அந்த அரங்கம் 1998இல்தான் திறக்கப்பட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இத்தகைய முரண்பாடுகளை என்ன செய்வது? சொன்னவரின் வாக்கியத்தை மாற்றக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவர் சொன்னதை அப்படியே வைத்துவிட்டு, கீழே தனி வரியில் நாளிதழ் சொல்வதைத் தேதியுடன் எழுதுங்கள். படிப்பவருக்கு இரண்டும் தெரியவேண்டும். சரியான விவரத்தை மட்டும் வைத்தால் அது விளையாட்டுச் செய்தியாகிவிடும். நினைவை மட்டும் வைத்தால் நாளைக்கு யாரும் அதை நம்பமாட்டார்கள்.

கசப்பான பகுதியையும் இதே நேர்மையோடு அணுகவேண்டும். நுழைவுச்சீட்டு வருவாய்ப் பங்கீட்டில் மலேசியக் காற்பந்துச் சங்கத்தோடு கருத்து வேறுபாடு இருந்தது. அந்த ஆண்டுகளில் ஆட்ட நிர்ணயச் சூதாட்டம் இருநாட்டுக் காற்பந்தையும் உலுக்கியது. ரசிகர்கள் இதைப் பேச விரும்பமாட்டார்கள், வற்புறுத்தவும் தேவையில்லை. ஆனால் 1995இல் அணி விலகியபோது அவர்கள் என்ன உணர்ந்தார்கள், அதன்பிறகு காலாங்குக்குப் போவதை நிறுத்தினார்களா என்று கேட்கலாம். யாரைப் பற்றியும் வதந்தியாகக் கேட்டதைப் பெயருடன் எழுதவேண்டாம்.

பொருள்களைக் காத்தல்

நாளிதழ் நறுக்குகள், நுழைவுச்சீட்டுகள், ஜெர்சிகள், ஒளிநாடாக்கள் ஆகியவைதான் பெரும்பாலும் கிடைக்கும். நம் ஊரின் ஈரக்காற்று இவை அனைத்துக்கும் எதிரி. நறுக்குகளுக்கு லேமினேட் செய்யவேண்டாம். ஒட்டும் நாடாவும் வேண்டாம். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒட்டிய நாடா இப்போது தேன்நிறக் கறையாக எழுத்துக்குள் இறங்கியிருப்பதையும், ஊசிப்பின் குத்திய இடத்தில் துருப்பிடித்துத் தாள் ஓட்டையாகியிருப்பதையும் நீங்களே காணலாம். ஊசிப்பின்னை மெல்ல நீக்குங்கள், நாடாவைப் பிய்க்காதீர்கள். முதலில் இருபுறமும் படமெடுத்துவிட்டு, அமிலமில்லாத தாளுறையில் தட்டையாக வையுங்கள்.

ஜெர்சியைக் கம்பியில் மாட்டாமல், அமிலமில்லாத மெல்லிய தாளைச் சுருட்டி மடிப்புக்குள் வைத்து, பெட்டியில் படுக்கவையுங்கள். எண் அச்சிட்ட பக்கத்தில் இஸ்திரிப்பெட்டி படக்கூடாது.

விஎச்எஸ் ஒளிநாடாவின் சிறு சாளரத்தின் வழியே வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அதை இயந்திரத்தில் போடாதீர்கள். பூஞ்சை இயந்திரத்தின் தலைப்பகுதிக்குப் பரவி, அடுத்துப் போடும் நல்ல நாடாவையும் கெடுத்துவிடும். அதைத் தொழில்முறையில் சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள். நல்ல நாடாவை மின்வடிவாக்கும்போது விளம்பரங்களையும் செய்தித் துணுக்குகளையும் வெட்டாமல் முழுவதையும் பதிவுசெய்யுங்கள். அந்த இரவின் தேதியை உறுதிசெய்ய அவை உதவும். ஒளிபரப்பின் உரிமை ஒளிபரப்பாளருக்கே உரியது என்பதால், வீட்டில் பார்ப்பதற்கு அப்பால் பொதுவில் வெளியிடுவதற்கு முன்பு அனுமதி பெறுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே பெயரிடும் முறையை வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்டு, மாதம், தேதி, பிறகு எதிரணி, பிறகு பொருளின் வகை. மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். அரிதான பொருள் கையில் இருந்தால் சிங்கப்பூர் விளையாட்டு அரும்பொருளகத்தையோ தேசிய ஆவணக் காப்பகத்தையோ அணுகி, ஏற்றுக்கொள்வார்களா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். பேசியவருக்கு அவருடைய குரல்பதிவையும் அச்சிட்ட எழுத்தாக்கத்தையும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அதைப் படித்துவிட்டு அவர் சேர்க்கச் சொல்வதற்காகக் கடைசியில் சில வெற்றுத் தாள்களையும் இணைத்தே கொடுங்கள்.