மண் வெட்டும் முன் ஒரு கூட்டம்: கட்டடப் பணிக்கான திட்டக் கூட்டத்தை நடத்தும் முறை

தளம் போட்ட மறுவாரம் பிளம்பர் வந்து, கழிவுக் குழாய் போக வேண்டிய இடத்தில் பீம் குறுக்கே நிற்கிறது என்று சொல்வது கட்டுமானத்தில் பழகியவர்களுக்குப் புதிய செய்தியல்ல. பீமை உடைத்துத் துளையிட்டால் அதன் வலிமை குறையும்; குழாயைச் சுற்றிக் கொண்டுபோனால் சரிவு போதாமல் அடைப்பு உண்டாகும். வரைபடம் வெறும் காகிதமாக இருந்தபோதே அமைப்புப் பொறியாளரும் பிளம்பரும் ஒரே மேசையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால், குழாயின் வழியை மாற்றியிருக்கலாம். அல்லது பொறியாளர் ஒப்பிய இடத்தில், கான்கிரீட் இடும் முன்பே ஒரு ஸ்லீவை, அதாவது கழிவுக் குழாய் நுழைந்து போவதற்கான வெற்றுக் குழாய்த் துண்டை, பதித்திருக்கலாம். திட்டக் கூட்டம் என்பது இந்த அரை மணி நேரத்துக்காகத்தான் கூட்டப்படுகிறது. அறிமுகங்களும் வாழ்த்துகளும் அதன் வேலையல்ல.

ஒப்பந்ததாரர் முடிவாகி, வரைபடங்கள் முழுமையாகக் கைக்கு வந்த பிறகும், மனையில் அளவு குறிப்பதற்கு ஒன்றிரண்டு வாரங்கள் முன்பும் கூட்டத்தை வைப்பது நல்லது. மண் வெட்டும் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு முந்தின நாள் மாலையில் கூடினால், எவ்வளவு பெரிய தவறு கண்ணில் பட்டாலும் வேலையை நிறுத்தச் சொல்லும் துணிவு ஒருவருக்கும் வராது.

யாரை அழைப்பது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். கட்டடக்கலைஞர், அமைப்புப் பொறியாளர், ஒப்பந்ததாரர் ஆகியோரை அழைத்துவிட்டு, நாள் முழுவதும் தளத்தில் நிற்கப்போகும் மேஸ்திரியையும், கம்பி கட்டுபவரையும், எலக்ட்ரீஷியனையும், பிளம்பரையும் விட்டுவிடுகிறார்கள். வரைபடத்தைப் பார்த்தவுடன் “இந்த இடத்தில் கம்பி இவ்வளவு நெருக்கமாக வந்தால் ஜல்லி உள்ளே இறங்காது” என்று சொல்லக்கூடியவர் பெரும்பாலும் கம்பி கட்டுபவர்தான். உரிமையாளர் தரப்பிலும் கருத்துச் சொல்லும் உரிமையுள்ள எல்லோரும் வந்தாக வேண்டும். கூட்டத்துக்கு வராதவர்தான் சுவர் எழும்பிய பிறகு வந்து சமையலறையை மாற்றச் சொல்வார். இதை ஓர் அனுபவ விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

வரைபடங்களை மூன்று நாள்களுக்கு முன்பே அனைவருக்கும் அனுப்பி, கேள்விகளை எழுதிக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தாளிலும் திருத்த எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். கூட்டம் தொடங்கியதும் எல்லோர் கையிலும் ஒரே திருத்தம்தான் இருக்கிறதா என்று சரிபார்ப்பதே முதல் வேலை. பழைய தாள்களை அங்கேயே கிழித்துவிடுவது உத்தமம்.

கூட்ட நேரத்தில் பாதியையாவது வரைபடங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு ஒதுக்க வேண்டும். கட்டடக்கலைஞரின் தாளில் சன்னல் இருக்கும் இடத்தில் அமைப்புத் தாளில் தூண் இருக்கிறதா, கதவு முழுதாகத் திறக்க இடம் உண்டா, மாடிப்படி ஏறுபவரின் தலைக்கு மேல் பீம் எவ்வளவு உயரத்தில் வருகிறது என்று அறை அறையாகப் பார்த்துச் செல்ல வேண்டும். மாடிப்படியைத் தனியாகக் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம். ஒரு தளத்தின் உயரம் 3 மீட்டர், படியின் உயரம் 150 மி.மீ. என்றால் 20 ஏற்றங்கள் என்று எளிதாக வகுத்துவிடலாம். ஆனால் தரைப்பூச்சும் ஓடும் சேர்ந்து கீழும் மேலும் தரை 75 மி.மீ. உயர, படிகளின் மேல் பதிக்கும் கல் 25 மி.மீ. மட்டுமே இருந்தால், முதல் படி 100 மி.மீ. ஆகவும் கடைசிப் படி 200 மி.மீ. ஆகவும் முடியும். ஒவ்வொரு நாளும் ஒருவராவது அந்தக் கடைசிப் படியில் தடுக்குவார். கான்கிரீட் படிகளை வார்க்கும்போதே இதைச் சரிசெய்துவிடலாம், பிறகு முடியாது.

குழாய்களுக்கும் இதே கணக்குதான். மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு என்று வைத்தால், 5 மீட்டர் ஓடும் கழிவுக் குழாய் 10 செ.மீ. கீழே இறங்கியாக வேண்டும்; அந்த ஆழத்துக்குக் குளியலறைத் தளம் தாழ்த்தப்பட்டிருக்கிறதா என்பதை அமைப்புத் தாளில் காட்டச் சொல்லுங்கள். கூரைத் தளத்துக்குள் புதையும் மின்குழாய்கள், மின்விசிறிக் கொக்கிகள், விளக்குப் பெட்டிகள் ஆகியவற்றின் இடங்களும் அன்றே முடிவாக வேண்டும். எல்லா உயரங்களும் ஒரே நிலையான குறியிலிருந்து அளக்கப்பட வேண்டும். அந்தக் குறி எந்தச் சுவரில் அல்லது எந்தக் கல்லில் இருக்கும் என்பதையும் எழுதி வையுங்கள்.

அடுத்து, எந்தெந்தக் கட்டங்களில் யாருடைய ஒப்புதல் இல்லாமல் வேலை நகரக் கூடாது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். குழியின் அடிமண்ணைப் பார்ப்பது, கம்பிக் கட்டைப் பார்ப்பது, மூடுவதற்கு முன் குழாய்களில் நீரழுத்தச் சோதனை செய்வது ஆகியவை இவற்றில் முக்கியமானவை. பொறியாளருக்கு எத்தனை மணி நேரம் முன்பு தகவல் தர வேண்டும், அவர் வர இயலாவிட்டால் அவருக்குப் பதிலாக யார் வருவார் என்பதும் பேசப்பட வேண்டும். வலிமையை அறிய வார்த்துவைக்கும் கான்கிரீட் கட்டிகளை 7 நாளிலும் 28 நாளிலும் சோதிப்பது வழக்கம்; 28-ஆம் நாள் முடிவு குறைவாக வந்தால் என்ன செய்வது என்பதை, முடிவு வந்து எல்லோரும் கோபத்தில் இருக்கும்போது பேசுவதைவிட இப்போதே பேசிவிடலாம். கான்கிரீட்டுக்கு நீர் ஊற்றும் பொறுப்பை விடுமுறை நாள்களில் யார் ஏற்பார் என்ற சின்னக் கேள்வியையும் மறக்க வேண்டாம்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுபவர்கள் இந்த இடத்தில் கூச்சத்தை விட்டுவிட வேண்டும். ஒப்பந்தத் தொகையில் என்ன அடங்கும் என்பதைவிட, என்ன அடங்காது என்ற பட்டியலைச் சத்தமாகப் படிப்பதே பயன் தரும்: சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, வெளி வடிகால், மின் இணைப்புக் கட்டணம், இடிபாடுகளை அகற்றும் செலவு. தவணைகளைத் தேதியோடு இணைக்காமல், முடிந்த வேலையோடு இணைக்க வேண்டும். இடையில் மாற்றம் கேட்டால், கூடுதல் தொகையும் கூடுதல் நாள்களும் எழுதிக் கையெழுத்தான பிறகே வேலை தொடங்க வேண்டும். வாய்வார்த்தை மாற்றங்கள்தான் பின்னாளில் சண்டையாகின்றன.

மனை ஏற்பாடுகளை விரைவாக முடித்துவிடலாம். தண்ணீர், தற்காலிக மின்சாரம், லாரி வரும் வழி, தரையிலிருந்து உயர்த்திய பலகையில் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கும் கொட்டகை, தலைக்கவசம், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றுக்கு ஒவ்வொருவரின் பெயரைக் குறித்தால் போதும். வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவித்தால் பக்கச்சுவர் சரியும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அண்டைக் கட்டடங்களில் ஏற்கெனவே உள்ள விரிசல்களை, அவற்றின் உரிமையாளர்களின் அனுமதியோடு தேதி தெரியும்படி படமெடுத்து வைப்பதும் நல்லது.

கால அட்டவணையைப் பொறுத்தவரை, செய்து வர நாளாகும் பொருள்களிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். மின்தூக்கி, சிறப்பு அளவுச் சன்னல்கள் போன்றவற்றுக்கு எந்த நாளில் ஆணை தர வேண்டும் என்று அட்டவணையிலேயே குறித்துவிட வேண்டும்.

கூட்டக் குறிப்பை எழுதுவதற்கென்று ஒருவரை அமர்த்துங்கள். தலைமை தாங்குபவரே எழுதினால் இரண்டும் கெடும். முடிவு, பொறுப்பாளர், நாள் என்ற மூன்றும் இல்லாத எதையும் முடிவாகக் கருத வேண்டாம். “அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால், அதைத் தனிப் பட்டியலில் எழுதி, எந்த நாளுக்குள் பார்ப்பார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பை மறுநாளே எல்லோருக்கும் அனுப்பி, பிழை இருந்தால் மூன்று நாள்களுக்குள் தெரிவிக்கச் சொல்லுங்கள். அந்தத் தனிப் பட்டியலில் அடித்தளம் தொடர்பான ஒரு வரியாவது தீராமல் இருந்தால், அளவு குறிக்கும் நாளைத் தள்ளிவைக்க வேண்டும்.