பலகார ஆர்டருக்குப் புலன இணைப்பும் கியூஆர் தாளும்: செய்முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வீட்டிலேயே முறுக்கு, நெய் உருண்டை செய்து விற்பவர்களுக்கு இது. வாடிக்கையாளர் தாளை ஸ்கேன் செய்ததும் உங்கள் புலனம் (வாட்ஸ்அப்) திறக்க வேண்டும், ஆர்டர் வாசகம் அங்கே தயாராக நிற்க வேண்டும். குழு தொடங்கும் யோசனை வேண்டாம். எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே ஆர்டரைத் தேட வேண்டிவரும்.

முதலில் தனி எண். ஒரே எண் சாதாரணப் புலனத்திலும், வியாபாரத்துக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலும் சேர்ந்து ஓடாது. இரண்டு சிம் போடும் கைப்பேசியில் இரண்டு செயலியையும் வைத்துக்கொள்ளலாம். கடை எண்ணின் சிம் பிரீபெய்ட் என்றால், அதற்கு டாப்-அப் போட மறந்தால் எண் போய்விடும். பிறகு அது வேறொருவர் கைக்குப் போனால், நீங்கள் ஒட்டிய தாளெல்லாம் அவருக்கு விளம்பரம்.

பிசினஸ் செயலியை இறக்கி, கடைப் பெயர், நேரம், படம் போடுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பில் பின் எண்ணையும் வைத்துவிடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அக்காள் மகனே கேட்டாலும் சரி.

பலரும் சறுக்குவது இணைப்பில்தான். டபிள்யூ, ஏ, புள்ளி, எம், இ, சாய்கோடு, அதன்பின் உங்கள் எண்: கையால் எழுதும் இணைப்பு இவ்வளவுதான். எண் 012-இல் தொடங்கினால் முன்னால் 6 மட்டும் சேருங்கள். 6012 என்று வரும். மலேசியாவின் நாட்டு எண்ணான 60 போட்டு 012-ஐயும் எழுதினால் 60012 ஆகி, எண் செல்லாது என்று வரும். கூட்டல் குறி, கோடு, இடைவெளி எதுவும் கூடாது. எண்ணிப் பாருங்கள்: 012 எண்ணுக்கு மொத்தம் 11 இலக்கம், 011 எண்ணுக்கு 12.

இதன் பின்னால் தமிழ் வாசகத்தையும் சேர்த்தால் இன்னொரு தொல்லை. இணைய முகவரிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். 'மு' என்பது மகரமும் உகரக் குறியுமாக இரண்டு. 'முறுக்கு வேண்டும்' என்ற இரண்டே சொல் 147 எழுத்தாகிவிடும். அதை வைத்து உருவாக்கும் கியூஆரில் கட்டங்கள் பொடிப்பொடியாக நெருங்கி, சின்னத் தாளில் பழைய கைப்பேசியால் படிக்கவே முடியாது.

அதனால் பிசினஸ் செயலியின் கருவிகள் பகுதியில் உள்ள குறு இணைப்பையே எடுங்கள். வாசகத்தை அங்கேயே எழுதிவைக்கலாம், இணைப்பு நீளாது. கியூஆரும் அங்கேயே கிடைக்கும். வெளித் தளங்களில் இலவசமாகக் கியூஆர் செய்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சில தளங்கள் நடுவில் தங்கள் முகவரியை நுழைத்து, பிறகு காசு கேட்கும்.

அச்சிடும்போது அளவு முக்கியம். ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு வையுங்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மேசைக்கு அப்பால் ஒரு மீட்டரில் நிற்பவருக்கு 10 செ.மீ. வேண்டும். பலகார டப்பாவில் ஒட்ட 3 செ.மீ. போதும். சுற்றிலும் வெள்ளை ஓரம் விடுங்கள். பளபளக்கும் லேமினேட் தாளில் கடை விளக்கு பட்டால் பாதிக் கட்டம் வெளுத்துவிடும். பளபளப்பில்லாத தாளே நல்லது.

பிசினஸ் செயலி தானாக அனுப்பும் வாழ்த்துச் செய்தியில் விலையும், பலகாரத்தை வந்து எடுத்துக்கொள்ளும் நேரமும் எழுதுங்கள். புதிதாக எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் திரும்புபவருக்கும்தான் அது போகும். தினமும் பேசுபவருக்குப் போகவில்லையே என்று குழம்பாதீர்கள்.

பிற்சேர்க்கை: தாள் திடீரென வேலை செய்யவில்லை என்று கேட்டவர்களுக்கு. கியூஆர் பக்கத்தில் 'ரீசெட்' தட்டினீர்களா? தட்டினால் பழைய கியூஆர் செல்லாது, எல்லாத் தாளையும் மறுபடி அச்சடிக்க வேண்டும்.

இன்னொன்று. பணம் வாங்கும் டுயிட்நவ் கியூஆரையும் இதையும் ஒரே தாளில் அருகருகே போடாதீர்கள். வங்கிச் செயலியால் புலனக் கியூஆரை ஸ்கேன் செய்துவிட்டு, பணம் போகவில்லை என்பார்கள். பணம் வந்ததா என்பதை உங்கள் வங்கிச் செயலியில் பாருங்கள். அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி டப்பாவைக் கொடுக்காதீர்கள்.