விண்மீன் பன்னிரண்டுமுகி: எண்ணும்போதும் செய்யும்போதும் வரும் தவறுகள்

சிறு விண்மீன் பன்னிரண்டுமுகி என்பது, பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட பன்னிரண்டுமுகியின் ஒவ்வொரு முகத்திலும் ஒரு கூர்மையான பிரமிடு எழுந்ததுபோல் தோன்றும் உருவம். அதன் படத்தைக் காட்டி எத்தனை முகங்கள் என்று கேட்டால், பெரும்பாலும் 60 என்றுதான் பதில் வரும். வெளியே 12 பிரமிடுகள், ஒவ்வொன்றிலும் ஐந்து முக்கோணங்கள். பெருக்கல் சரிதான், ஆனால் விடை 12. வெவ்வேறு பிரமிடுகளில் இருக்கும் ஐந்து முக்கோணங்கள் ஒரே தளத்தில் கிடக்கின்றன. அவை ஓர் ஐமுனை விண்மீனின் ஐந்து நுனிகள். அதன் நடுப்பகுதி உள்ளே மறைந்திருக்கிறது. 1619-ல் வானியலாளர் கெப்ளர் இந்த உருவை வெளியிட்டபோது கண்டதும் இதைத்தான்: முகங்கள் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்லலாம்.

இதைவிட நுட்பமான தவறு விளிம்பில் வருகிறது. பிரமிடுகள் சந்திக்கும் பள்ளக் கோடுகளை 'இவை வெறும் வெட்டுக்கோடுகள்' என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். 12 ஐங்கோணங்கள் ஒன்றையொன்று ஊடுருவி உருவாகும் பெரும் பன்னிரண்டுமுகியில் அப்படிச் செய்வது சரி. இங்கே சரியல்ல. ஒவ்வொரு விளிம்பும் ஒரு கூர்முனையில் தொடங்கி, பள்ளத்தின் வழியாக ஓடி, மறு கூர்முனையில் முடிகிறது. கண்ணுக்குத் தெரியும் 90 துண்டுகளை மும்மூன்றாகச் சேர்த்தால் உண்மையான 30 விளிம்புகள் கிடைக்கும். பள்ளங்கள் கூடும் 20 புள்ளிகள் மட்டும் உச்சிகள் அல்ல. உச்சிகள் 12 கூர்முனைகளே.

அப்புறம் ஆய்லர் வாய்பாடு: சாதாரணப் பன்முகிகளில் உச்சிகள் − விளிம்புகள் + முகங்கள் = 2. துண்டு துண்டாக எண்ணினால் 32 − 90 + 60 = 2 என்று அழகாக வந்துவிடும். தவறான எண்ணிக்கையை அதுவே உறுதிப்படுத்திவிடுவதுதான் ஆபத்து. முறையாக எண்ணினால் 12 − 30 + 12 = −6. இந்த −6-ஐப் பார்த்து, இது பன்முகியே அல்ல என்று 19-ஆம் நூற்றாண்டில் ஷ்லாஃப்லி போன்ற பெரிய கணிதரே ஏற்க மறுத்தார். உண்மையில் வாய்பாடு உடையவில்லை. 2 என்பது கோளத்தோடு ஒத்த பரப்புகளுக்கான விடை. இந்தப் பரப்பு நான்கு துளைகள் கொண்ட பரப்புக்கு ஒப்பானது. கணிதர் கெய்லி வேறு வழி கண்டார். விண்மீன் முகம் தன் மையத்தை இருமுறை சுற்றுவதால் முகங்களை இரண்டால் பெருக்கினார்: 12 − 30 + 24 = 6. முழு உருவும் தன் மையத்தை மூன்று முறை சூழ்கிறது, அதன் இருமடங்குதான் இந்த 6. அதற்காக எல்லா விண்மீன் பன்முகிகளும் 2-ஐ மீறும் என்று நினைத்துவிடக் கூடாது. இதேபோல் 12 விண்மீன் முகங்களும் 20 கூர்முனைகளும் கொண்ட பெரும் விண்மீன் பன்னிரண்டுமுகிக்கு 20 − 30 + 12 = 2 தான்.

அட்டையில் செய்பவர்கள் சமபக்க முக்கோணங்களை வெட்டிவிடுகிறார்கள். பார்க்க விண்மீன் போலத்தான் இருக்கும், ஆனால் ஐந்து முக்கோணங்களும் ஒரே தளத்தில் அமையாது. கோணங்கள் 36, 72, 72 பாகை இருக்க வேண்டும். சாய்ந்த பக்கம் அடிப்பக்கத்தைப் போல 1.618 மடங்கு. அடி 5 செ.மீ. என்றால் சாய்வு 8.09 செ.மீ.

வண்ணத்தைப் பிரமிடுக்கு ஒன்றாகப் பூசாதீர்கள், விண்மீன்கள் காணாமல் போய்விடும். ஒரே தளத்தில் உள்ள ஐந்து முக்கோணங்களுக்கு ஒரு நிறம், எதிர்ப்புறத்தில் இணையாக உள்ள தளத்துக்கும் அதே நிறம். ஆறு நிறங்கள் போதும், ஒவ்வொரு பிரமிடிலும் ஐந்து நிறங்கள் வரும்.